திரும்பிப் போற வழியில் காஞ்சிபுரம்

சீனா ட்ரிப் எபிசோட் எப்போ வரும்னு மூணு வாரமா மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கீங்க. இதோ வந்தாச்சு. ஆனா பத்து நாளையும் வரிசையா சொல்லப் போறதில்லை. பெருஞ்சுவரை நான் நேர்ல பார்த்தேன், நீங்க நூறு வீடியோவுல பார்த்திருப்பீங்க. இன்னைக்கு ஒரே ஒரு நாளைப் பத்தித்தான் பேசப் போறேன். ட்ரிப்போட கடைசி நாள். அப்புறம் வீட்டுக்கு வந்த ஃப்ளைட்.

ட்ராவல் வீடியோ எல்லாமே போறதைப் பத்திப் பேசுது. திரும்பி வர்றதுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்குவாங்க. ஒரு சோகமான மியூசிக், ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற விமானம், அவ்வளவுதான். ஆனா ஊர்ல இறங்கினதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி என்ன? "என்ன வாங்கிட்டு வந்த?" அந்தக் கேள்வியைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கப் போறோம்.

எங்க கடைசி ஊர் ஷியான். ராத்திரி ஃப்ளைட். ஷியான்ல இருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சென்னை. ஹோட்டல்ல பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி பண்ணணும். பெட்டியை ரிசப்ஷன்ல வெச்சாச்சு. கையில எட்டு மணி நேரம் இருக்கு. உங்களுக்கும் இது தெரியும். அந்த எட்டு மணி நேரம் ஊர்லயும் இல்லாம, வீட்டுலயும் இல்லாம நடுவுல தொங்குற நேரம். கூட வந்த நண்பன் ஷாப்பிங் போறேன்னான். நான் மெட்ரோ பிடிச்சு ஒரு கோபுரத்தைப் பார்க்கப் போனேன். அங்கே அதுக்குப் பேரு பெரிய காட்டு வாத்துப் பகோடா. பகோடான்னு சொல்லிக்கிட்டே இருந்தா நமக்குப் பசிக்கும், அதனால கோபுரம்னே சொல்றேன்.

செங்கல்ல கட்டின ஏழு நிலைக் கோபுரம். உயரம் 64 மீட்டர். முதல்ல கட்டினது 652ல. முன்னாடி மைதானத்துல கையில கோலோட ஒரு பிக்கு சிலை நிக்குது. அந்த ஆளை உங்க எல்லாருக்கும் தெரியும். சமூக அறிவியல் புத்தகத்துல கோடிட்ட இடத்தை நிரப்புறதுக்கு வருவாரே, யுவான் சுவாங், அவரேதான். ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் கொடுத்தது ரெண்டு வரி. ஹர்ஷர் காலத்துல இந்தியா வந்தார், பயணக் குறிப்பு எழுதினார். இந்தக் கோபுரத்தை எதுக்குக் கட்டினாங்கன்னு ஸ்கூல்ல சொல்லலை. அவர் இந்தியாவுல இருந்து கொண்டு போன லக்கேஜைப் பத்திரமா வைக்கக் கட்டினது. தீ விபத்து வந்தா ஏடெல்லாம் போயிடும்னு பயந்து, அவரே ராஜாகிட்ட கேட்டு வாங்கின கட்டடம். கட்டுறப்போ அவரே கூடையில செங்கலும் கல்லும் சுமந்தார்னு அவரோட சீடர்கள் எழுதின வாழ்க்கை வரலாறு சொல்லுது. அப்போ அவருக்கு அம்பது வயசு.

நான் காஞ்சிபுரத்துக்காரன்னு உங்களுக்குத் தெரியும். அவர் இந்தியாவுல தெற்கே வந்த கடைசிப் புள்ளி எங்க ஊர்தான். அங்கே வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்பினார். அதாவது அவர் ட்ரிப்ல வீட்டைப் பார்த்துத் திரும்புற வளைவு காஞ்சிபுரம். என் கடைசி நாள்ல நான் அவர் ஊர்ல நிக்கிறேன். இதை நினைச்சதும் சிலைக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

சரி, கதைக்குப் போவோம். 629ல, சிலர் கணக்குல 627ல, அவர் சாங்ஆன்ல இருந்து கிளம்பினார். இன்னைக்கு ஷியான்னு சொல்ற ஊர்தான் அன்னைக்குச் சாங்ஆன். அனுமதி கேட்டார், கிடைக்கலை. எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு அப்போ உத்தரவு. ராத்திரியில ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் தாண்டினார். எக்ஸிட் பர்மிட் இல்லாமப் போன ஆள். பாலைவனம், பனிமலை எல்லாம் கடந்து நாலந்தா வந்தார். அங்கே சீலபத்திரர்கிட்ட வருஷக்கணக்குல படிச்சார். அப்புறம் இந்தியாவைச் சுத்த ஆரம்பிச்சார். வங்காளம், ஒரிசா, ஆந்திரா வழியா 640 வாக்குல காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார்.

அவர் பார்த்த காஞ்சியை யோசிச்சுப் பாருங்க. ஏகாம்பரநாதர் கோயிலோட பெரிய ராஜகோபுரம் கிடையாது, அது 1509ல கிருஷ்ணதேவராயர் கட்டினது. கைலாசநாதர் கோயிலும் கிடையாது, அது வர இன்னும் அறுபது வருஷம் ஆகும். முதலாம் நரசிம்மவர்மன் காலம். வாதாபியில பல்லவப் படை புகுறதுக்குச் சுமார் ரெண்டு வருஷம் முன்னாடி. இவர் எழுதி வெச்சது என்னன்னா, அந்தப் பகுதியில நூத்துக்கும் மேல பௌத்த மடங்கள், பத்தாயிரத்துக்கும் மேல பிக்குகள், எண்பது சொச்சம் தெய்வக் கோயில்கள், நிறைய சமணர்கள். மண் நல்ல வளம், வெயில் ஜாஸ்தி. ஜனங்க தைரியசாலிகள், நம்பிக்கையானவங்க, படிப்பை மதிக்கிறவங்க. அந்த வெயில் மேட்டர் மட்டும் இன்னைக்கு வரைக்கும் அப்படியே இருக்குன்னு நான் உத்தரவாதம் தரேன்.

பத்தாயிரம் பிக்குகள் இருந்த பகுதியில நான் வளர்ந்தேன், மக்களே. ஸ்கூல் போற வழியில ஒரு மடத்தைக் கூடப் பார்த்ததில்லை. சில சிலைகள் மிச்சம் இருக்கு. 1915ல டி. ஏ. கோபிநாத ராவ் காஞ்சியில இருந்த புத்தர் சிலைகளைத் தேடிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். 1940ல மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்'னு புத்தகமே போட்டார். மணிமேகலை காப்பியமே காஞ்சியில வந்துதான் முடியுது. ஆனா கண்ணால பார்க்கணும்னா சிலைகளைத் தேடித்தான் போகணும்.

அவரோட பிளான் காஞ்சியோட நிக்கிறது இல்லை. இங்கிருந்து கப்பல் ஏறி இலங்கை போகணும். கப்பல்ல மூணு நாள்தான்னு சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துல இலங்கையில இருந்து முன்னூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்து இறங்குறாங்க. ஏன் வந்தீங்கன்னு கேட்டா, ராஜா செத்துட்டார், பஞ்சம், கலவரம், தப்பிச்சு வந்தோம்னு சொல்றாங்க. இவர் உடனே என்ன பண்ணினார் தெரியுமா? அவங்களை உக்கார வெச்சு யோகாசாரத்துல சந்தேகம் கேட்டார். பதில்களைக் கேட்டுட்டு, சீலபத்திரர் சொன்னதுக்கு மேல இவங்ககிட்ட புதுசா எதுவும் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டார். அங்கேயே திரும்பிட்டார். அவ்வளவு தூரம் வந்துட்டோமே, இலங்கையையும் லிஸ்ட்ல டிக் பண்ணிடுவோம்னு தோணலை. எதுக்காக வந்தோம்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் எந்த இடத்துல திரும்பணும்னும் தெரியும்.

காஞ்சியில அவர் கேட்டு எழுதின ஒரு கதை இருக்கு. இந்த எபிசோடையே அதுக்காகத்தான் ரெக்கார்ட் பண்றேன். காஞ்சியில ஒரு மந்திரியோட மகன், பேரு தர்மபாலர். சின்ன வயசுலேயே கெட்டிக்காரப் பையன். ராஜா தன் பொண்ணையே கட்டிக் கொடுக்க முடிவு பண்ணிட்டார். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பையனுக்கு மனசு சரியில்லை. புத்தர் சிலை முன்னாடி உக்காந்து வேண்டுறான். ஒரு தெய்வம் அவனைத் தூக்கிட்டுப் போய் தூரத்துல ஒரு மலை மடத்துல விட்டதா கதை. அந்தப் பையன் பிக்கு ஆகி, நாலந்தாவுக்கே தலைவர் ஆனார். அவரோட மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரோட மாணவர் யுவான் சுவாங். அப்போ கணக்குப் பாருங்க. சீனாவுல இருந்து வந்த இந்த மனுஷன் காஞ்சிபுரத்துல வந்து நின்னது, தன் வாத்தியாரோட வாத்தியார் பிறந்த ஊர்ல.

இனிமே கடைசி நாள். நாலந்தாவுல இவர் கிளம்புறேன்னு சொன்னதும் மத்த பிக்குகள் விடலை. புத்தர் பிறந்த பூமியை விட்டுட்டு எதுக்கு அந்த ஊருக்குப் போறே, இங்கேயே இருந்துடுன்னாங்க. இந்த டயலாக்கை ஆன்சைட் போன எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. விஷயம் சீலபத்திரர்கிட்ட போச்சு. அவர் "உன் விருப்பம் என்ன?"ன்னு கேக்குறார். கத்துக்கிட்டதை ஊருக்குக் கொண்டு போய் மொழிபெயர்க்கணும், அங்கே இருக்கிறவங்களுக்கும் போய்ச் சேரணும்னு இவர் பதில் சொல்றார். வயசான குரு சந்தோஷப்பட்டு, நானும் உன்கிட்ட இதைத்தான் எதிர்பார்த்தேன், போயிட்டு வான்னு அனுப்பி வெச்சார். அதுக்கு முன்னாடி ஒரு சமண ஜோசியர்கிட்ட இவர் குறி கேட்டதும் வரலாறுல இருக்கு. என்ன கேட்டார்? நல்லபடியா ஊர் போய்ச் சேருவேனா, இவ்வளவு ஏடும் சிலையும் எப்படித் தூக்கிட்டுப் போவேன்னுதான். எவ்வளவு பெரிய அறிஞரா இருந்தாலும் லக்கேஜ் கவலை ஒன்னுதான்.

643ல கிளம்பினார். ஹர்ஷர் ஒரு பெரிய யானையும் வழிச்செலவுக்குக் காசும் கொடுத்தார். சிந்து நதி வந்தது. இவர் யானை மேல, ஏடுகள் படகுல. நடு ஆத்துல காத்து அடிச்சுப் படகு ஆடி, ஏடுகளைப் பார்த்துக்கிட்டிருந்த ஆள் தண்ணியில விழுந்துட்டார். அவரைக் காப்பாத்திட்டாங்க. ஆனா அம்பது ஏடுகளும், ஊருக்குக் கொண்டு போக எடுத்து வெச்ச பூச்செடி விதைகளும் ஆத்தோட போயிடுச்சு. இவர் அடுத்த ஊர்ல அம்பது நாளுக்கு மேல தங்கி, பக்கத்து நாட்டுக்கு ஆள் அனுப்பி, போன ஏடுகள்ல ஒரு பகுதியைத் திரும்ப நகல் எடுத்துட்டு வரச் சொன்னார். என்னை மாதிரி சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். டேட்டா போச்சுன்னு தெரிஞ்சதும் முதல் வேலை, இன்னொரு காப்பி எங்கே இருக்குன்னு தேடுறது. அவர் அதை ஆத்தங்கரையில இருந்தே ஆரம்பிச்சுட்டார்.

பாமீர் மலை தாண்டினதும் கொள்ளைக்காரங்க துரத்தினதுல யானை தண்ணியில மூழ்கிச் செத்துப் போச்சு. ஒரு வழியா கோத்தான் வந்து சேர்ந்தார். இன்னைக்கு சீனாவோட ஷின்ஜியாங் பகுதியில இருக்கு. அங்கே இருந்து ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். அனுமதி இல்லாமப் போனேன், இத்தனை வருஷம் இத்தனை நாடு சுத்தினேன், இப்போ திரும்பி வந்துக்கிட்டிருக்கேன். இந்த விளக்கத்தை ஒரு பையன்கிட்ட கொடுத்து, வியாபாரக் கூட்டத்தோட அனுப்பினார். பதிலுக்காக ஏழெட்டு மாசம் காத்திருந்தார். இமிக்ரேஷன் வரிசையில அரை மணி நேரம் நின்னதுக்கே நான் ட்வீட் போட்டவன். அவர் அந்த மாசங்கள்ல அங்கே இருந்தவங்களுக்குப் பாடம் நடத்திக்கிட்டிருந்தார். கடைசியில பதில் வந்தது. சீக்கிரம் வந்து என்னைப் பார்னு ராஜா எழுதியிருந்தார்.

கோத்தானைப் பத்தி எழுதுறப்போ அவர் ஒரு பட்டுக் கதை சொல்றார். நெசவாளி வீட்டுப் பையன் நான், இதை விட்டுட்டுப் போக முடியாது. கோத்தானுக்கு அப்போ பட்டு எப்படி உண்டாகுதுன்னு தெரியாது. தெரிஞ்ச கிழக்கு நாடு புழுவையும் முசுக்கட்டை விதையையும் எல்லை தாண்ட விடாது. கோத்தான் ராஜா அந்த நாட்டு இளவரசியைப் பெண் கேட்டார். கூடவே பொண்ணுக்கு ஒரு சேதியும் அனுப்பினார். எங்க ஊர்ல பட்டு கிடையாது, உனக்குப் பட்டுச் சேலை வேணும்னா விதையை நீயே கொண்டு வந்துடு. அந்தப் பொண்ணு முட்டையையும் விதையையும் தலைக்கிரீடத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டா. காவலாளிங்க எல்லாத்தையும் சோதிச்சாங்க, இளவரசி தலையில மட்டும் கை வைக்கலை. பின்னாடி ஆரல் ஸ்டைன் அந்தப் பக்கத்துல மணலுக்குள்ள தோண்டினப்போ, இந்தக் கதையை வரைஞ்ச மரப்பலகை ஒன்னு கிடைச்சது. ஒரு பொண்ணு இளவரசியோட தலையைக் கை நீட்டிக் காட்டுறா. அந்தப் பலகை இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. என் கணக்குல, வெளியூர்ல இருந்து கொண்டு வந்த பொருள்கள்ல இதுதான் நம்பர் ஒன்.

645 ஆரம்பத்துல அவர் சாங்ஆன் வந்து சேர்ந்தார். 20 குதிரை, 520 கட்டு, 657 ஏடுகள், ஏழு புத்தர் சிலைகள். தெருவெல்லாம் கூட்டம். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் வீடு. நம்ம சினிமாவா இருந்தா இங்கே "சுபம்" போட்டிருப்பாங்க. அவருக்கு இங்கேதான் வேலை ஆரம்பிக்குது. ராஜா, என் அரசாங்கத்துல பதவி ஏத்துக்கோன்னார். வேண்டாம், மொழிபெயர்க்க இடம் மட்டும் கொடுங்கன்னார். சரி, போன நாடுகளைப் பத்தியாவது எழுதிக் கொடுன்னார் ராஜா. 646லேயே எழுதி முடிச்சுக் கொடுத்துட்டார். நாம கோடிட்ட இடம் நிரப்புறது அந்தப் புத்தகத்தைத்தான். அதுக்கப்புறம் 664ல சாகுற வரைக்கும், மொத்தம் 19 வருஷம், மொழிபெயர்ப்பு. 75 நூல்கள், 1335 சுருள்கள்.

போயிட்டு வர 16 வருஷம். கொண்டு வந்ததைப் பிரிச்சுப் படிச்சு ஊருக்குக் கொடுக்க 19 வருஷம். ட்ரிப்பை விட அன்பேக்கிங் நீளம். மியூசிக் போட்டு முடிக்கிற கடைசி நாளுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

659ல அவர் முடிச்ச ஒரு நூல் இருக்கு. வசுபந்துவோட முப்பது சுலோகங்களுக்கு இந்தியாவுல பத்துப் பேர் எழுதின உரைகளைச் சேர்த்து, எது சரின்னு முடிவு சொல்ற நூல். பெரும்பாலும் யாரோட உரையைச் சரின்னு எடுத்தார்? தர்மபாலரோடது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி காணாமப் போன நம்ம காஞ்சிப் பையன். அவர் எழுதின அந்த உரையோட சமஸ்கிருத மூலம் இன்னைக்கு இல்லை. காஞ்சியிலயும் இல்லை, நாலந்தாவுலயும் இல்லை. சீன மொழியில இருக்கு. அந்த நூலை வெச்சு சீனாவுல ஒரு பௌத்தப் பள்ளியே உருவாச்சு. அதைப் படிக்க ஜப்பான்ல இருந்து பிக்குகள் வந்து, அங்கேயும் கொண்டு போனாங்க. நாரா ஊர்ல கோஃபுகுஜி, யாகுஷிஜின்னு ரெண்டு கோயில்கள் இன்னைக்கும் அந்த மரபுதான். எங்க ஊர்ப் பையன் யோசிச்சது எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, ஜப்பான்ல ஒரு கோயில்ல படிக்கிறாங்க. இது நடந்ததுக்குக் காரணம், ஒருத்தர் வீட்டுக்குத் திரும்பிப் போனதுதான். திரும்பிப் போய், மூட்டையைப் பிரிச்சு, உக்காந்து வேலை செஞ்சதுதான்.

கோபுரத்துல ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு நிலையிலயும் நாலு பக்கமும் ஜன்னல். தெற்கு ஜன்னல்ல கொஞ்ச நேரம் நின்னேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இறங்கி வந்தப்போ மணி நாலு. நண்பன் ஒரு பட்டுக் கடையில இருந்து கூப்பிட்டான், அம்மாவுக்கு ஒன்னு வாங்கணும், நீ வந்து பாருடா, உனக்குத்தான் தெரியும்னு. எனக்கு ஜாவா தெரியும். பட்டு தெரிஞ்சது எங்க அப்பாவுக்கு. இந்திய சிம் ரோமிங்ல இருந்ததால வாட்ஸ்அப் வேலை செஞ்சது. வீடியோ கால் போட்டேன். நம்ம ஊர்ல அப்போ மணி ரெண்டு. அப்பா பிள்ளையார்பாளையம் வீட்டுல, தறிக்குழியில காலைத் தொங்கவிட்டு உக்காந்திருந்தார்.

"துணியைக் கேமரா கிட்ட காட்டு. கசக்கி விடு. ம்... இப்போ ஓரத்தைக் காட்டு. நல்ல நூல்தான். சீனா நூல் சீரா வரும், முடிச்சு கம்மி. ஆனா ரொம்ப லேசு தம்பி, நம்மளுது மாதிரி கனம் கிடையாது. எரிச்சுப் பார்க்கச் சொன்னாங்களா?" கடைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனா அப்பா கையால லைட்டர் பத்த வைக்கிற மாதிரி காட்டினதும் புரிஞ்சுடுச்சு. சிரிச்சுக்கிட்டே ரெண்டு நூலை உருவி எரிச்சுக் காட்டினாங்க. முடி கருகுற வாசனை. விரல்ல தேய்ச்சா பொடியாச்சு. மொழிபெயர்ப்பு ஆப் எதுவும் தேவைப்படலை. அப்புறம் அப்பா, "பக்கத்துல ஆள் இல்ல, இன்னைக்குக் கோர்வை ஓடலை, சும்மாதான் உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டார்.

கோர்வைன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். காஞ்சிபுரம் சேலையில உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் தைக்கிறதில்லை, நெய்யுறப்போவே ஊடை நூலோட ஊடை நூல் கோத்து ஒட்ட வைக்கிறாங்க. அதுக்கு மூணு நாடா வேணும். தறியில நெசவாளி ஒருத்தர், பக்கத்துல அந்தக் கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க இன்னொருத்தர். அந்த ரெண்டாவது ஆள்தான் இப்போ கிடைக்கிறதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில மாசச் சம்பளம் நிச்சயம், பஸ் வீட்டு வாசலுக்கே வருது. யாரையும் குறை சொல்ல முடியாது, நானே லேப்டாப்பைத் தூக்கிட்டு கிளம்பினவன். ஆனா ஆள் இல்லைன்னா கோர்வை இல்லை. கோர்வை இல்லாத சேலையும் விக்கும், காஞ்சிபுரம்னு பேரும் இருக்கும். அப்பா கையில இருக்கிற அந்த ஒரு வேலை மட்டும் அவரோட நின்னுடும்.

ஃப்ளைட்ல தூங்கலை. ஷியான்ல இருந்து கோலாலம்பூர் அஞ்சு மணி நேரம், சென்னை நாலு மணி நேரம். நடுவுல ஏர்போர்ட் பெஞ்சு. எனக்கு ஓடினது பத்தாயிரம் பிக்குகள்தான். ஒரு பகுதியில பத்தாயிரம் பேருக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் காணாமப் போக முடியும்னா, எங்க தெருவுல நாலு பேருக்குத் தெரிஞ்ச விஷயம் எம்மாத்திரம்? எந்த விஷயமும் பெருசா இருந்ததால தப்பிக்கலை. யாரோ ஒருத்தர் உக்காந்து கத்துக்கிட்டு, இன்னொரு இடத்துல இறக்கி வெச்சதாலதான் தப்பிச்சிருக்கு.

சென்னையில இறங்கி, காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தேன். அப்பா கேட்டது அதே கேள்வி. "என்ன வாங்கிட்டு வந்தே?" ஒரு டீ டப்பா கொடுத்தேன். அப்புறம், சனிக்கிழமை சனிக்கிழமை கரை நாடா பக்கம் நான் உக்காரட்டுமான்னு கேட்டேன். அப்பா டீ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு முதுகு வலிக்கும்"னார். வேண்டாம்னு சொல்லலை. இதுவரைக்கும் மூணு சனிக்கிழமை ஆச்சு. முதுகு வலிக்குது. நாடா ஒரு தாளத்துல வரணும், என் கை அந்தத் தாளத்தைப் பிடிக்க இன்னும் நாள் ஆகும். ஒரு நாள்ல நாங்க ஓட்டினது ஒரு ஜாண். நான் வீடியோவும் எடுக்குறேன், ஆனா வீடியோவுல கை நகர்றதுதான் தெரியுது. நூலை எவ்வளவு இழுக்கணும்னு அப்பா விரலுக்குத்தான் தெரியும், அதைப் பக்கத்துல உக்காந்துதான் வாங்கணும். இது எதையும் காப்பாத்திடும்னு சொல்ல வரலை. அந்த சனிக்கிழமைகள்ல தறி ஓடுது, அவ்வளவுதான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி, யுவான் சுவாங் கதையோட வால் ஒன்னு. ஊருக்கு வந்து வருஷங்கள் கழிச்சு, இந்தியாவுல இருந்து ரெண்டு பழைய நண்பர்கள், ஞானப்பிரபரும் பிரஜ்ஞாதேவரும், ஒரு பிக்கு மூலமா அவருக்குக் கடிதம் அனுப்பினாங்க. கூடவே ஒரு பரிசு. ஒரு ஜோடி வெள்ளைப் பருத்தித் துணி. தூரம் ஜாஸ்தி, கொஞ்சமா இருக்கேன்னு நினைச்சுக்காதேன்னு எழுதியிருந்தாங்க. பட்டு நாட்டுக்கு நம்ம ஊர்ல இருந்து போனது பருத்தி. 654ல இவர் பதில் எழுதினார். துணி கிடைச்சதுன்னார். சீலபத்திரர் மறைவுக்கு வருத்தம் சொன்னார். கடைசியில, சிந்து நதியில ஒரு குதிரைச் சுமை ஏடு போச்சு, அதுல இருந்த நூல்களோட பட்டியல் இது, யாராவது வந்தா கொடுத்து அனுப்புங்கன்னு கேட்டார். ஆத்துல போன மூட்டையைப் பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அவர் மறக்கலை.

அதனால, அடுத்து ட்ரிப் போயிட்டு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பிரிக்கிற அன்னைக்கே, அங்கே உங்களுக்கு உதவின ஒருத்தருக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அங்கே கத்துக்கிட்ட ஒன்னை வீட்டுல ஒருத்தருக்குச் செஞ்சு காட்டுங்க, சமையலா இருந்தாலும் சரி. சென்னையில இருக்கிறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை எழும்பூர் மியூசியம் போய், காஞ்சியில இருந்து வந்த புத்தரைப் பார்த்துட்டு வாங்க. காஞ்சிபுரம் வந்தீங்கன்னா பிள்ளையார்பாளையம் தெருவுல நடந்து பாருங்க, தறிச் சத்தம் எந்த வீட்டுல கேக்குதுன்னு எண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க. சனிக்கிழமையா இருந்தா ஒரு வீட்டுல கண்டிப்பாக் கேக்கும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.